வள்ளி மஹால் சுவரில் ஒட்டிக்கொண்ட நிழல்கள்

கிட்ட வாருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்ட. அந்த ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் அது போடுகிற சத்தத்தில் பாதிக் கதை காற்றோடு போய்விடும். நான் இரண்டாவது தடவை சொல்ல மாட்டேன். இரண்டாவது தடவை சொல்லும்போது எனக்கே எதையாவது கூட்டிச் சொல்லத் தோன்றும், இந்தக் கதையில் கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை, நடந்ததே போதும். பாவூர்சத்திரத்தில் மார்க்கெட்டைத் தாண்டி வள்ளி மஹால் என்று ஒரு கல்யாண மண்டபம் இருந்தது, அங்கே முத்தரசியின் ரிசப்ஷன் நடந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேடையில் ஏறிப் போட்டோவுக்கு நின்ற நானூற்றுச் சொச்சம் பேரின் நிழலும் சுவரிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் அன்றைக்குக் கீழே பந்தியில் ரசவாளியோடு நின்றவள், அதனால் என் நிழல் ஒரு குறையும் இல்லாமல் என் காலடியிலேயே கிடக்கிறது, வேண்டுமானால் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டோ பிடிக்க வந்தவர் மாசிலாமணி. எங்கள் பக்கத்துக் கல்யாணம் எல்லாம் அவர்தான், அவர் என்றால் அவர் மட்டும் இல்லை, அவரும் அவர் பெண்டாட்டி திரவியமும். அவர் கேமரா பிடிப்பார், இவள் லைட் பிடிப்பாள். மெலிசாக ஒரு இரும்பு ஸ்டாண்டு, அதன் உச்சியில் ஒரு ஃபிளாஷ், அதற்கு முன்னால் ஒரு வெள்ளைக் குடை. ஒற்றைக் காலில் நிற்கிறது என்று அதற்குத் திரவியம் கொக்கு என்று பேர் வைத்திருந்தாள். பதினேழு வருஷமாக அந்தக் கொக்கைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓரமாக நின்று நின்று, வெளிச்சம் எப்படி நடக்கும், எங்கே உட்காரும், எதைக் கண்டால் முறைக்கும் என்பதெல்லாம் அவளுக்குச் சொந்தக்காரர் குணம் தெரிகிற மாதிரித் தெரியும். ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவள். "மூஞ்சிக்கு நேரா வெளிச்சத்தை வீசக்கூடாதுங்க, வீசினா மூக்கும் கன்னமும் ஒண்ணாப் போயி தோசைக்கல்லு மாதிரி ஆயிரும். ஓரமா வந்தாத்தான் மூக்கு மூக்கா நிக்கும்" என்பாள், அதற்குமேல் எந்தப் புஸ்தகத்திலும் ஒன்றும் எழுதியிருக்காது என்று நினைக்கிறேன்.

அந்த ரிசப்ஷனுக்கு ஒரு வாரம் முன்னால் மாசிலாமணி மதுரைக்குப் போய்ப் புதிதாக ஒரு ஃபிளாஷ் வாங்கி வந்தார், கேமராவின் தலையில் மாட்டுகிறது, பெரிய சாதி, அடித்தால் எதிர் வீட்டு மாடு எழுந்து நிற்கும். வாங்கின பெருமையில் டீக்கடையில் பத்துப் பேருக்கு முன்னால் வாய் விட்டுவிட்டார்: "இனிமே கொக்கும் வேண்டாம், கொக்குப் பிடிக்க ஆளும் வேண்டாம்டே. எல்லா வெளிச்சமும் என் கேமரா தலையிலயே இருக்கு." அவர் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் அந்தப் பேச்சு அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது. திரவியம் சண்டை போடவில்லை. கொக்கை மடக்கிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். "சரி, நீங்களும் உங்க தலையும் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு தோசைக்கு அரிசி நனைக்கப் போய்விட்டாள்.

அதற்கு முன்னாலும் கொக்கு இல்லாத கல்யாணங்கள் உண்டு, அப்போதெல்லாம் மாசிலாமணி ஃபிளாஷின் தலையை மேலே திருப்பி வெள்ளைக் கூரையில் அடிப்பார், வெளிச்சம் கூரையில் முட்டி, சல்லடையில் சலித்த மாவு மாதிரி எல்லார் மேலும் மெதுவாக இறங்கும். வள்ளி மஹால் ஓனர் லட்சுமணப்பெருமாள் அண்ணாச்சி அந்த மாசம்தான் கூரை முழுக்க அரக்குக் கலரில் துணி கட்டி அலங்காரம் பண்ணியிருந்தார். மாசிலாமணி மேலே அடித்த முதல் இரண்டு போட்டோவிலும் மாப்பிள்ளை, பொண்ணு, மாமியார் எல்லாரும் வேகவைத்த பீட்ரூட் மாதிரி வந்தார்கள். வேறு வழியில்லாமல் ஃபிளாஷின் கழுத்தைத் திருப்பி நேரே ஆட்களின் முகத்துக்கு வைத்தார். மேடைச் சுவரோ முந்தின நாள் சாயங்காலம் ரோஸ் பெயிண்ட் அடித்த சுவர், தொட்டால் இன்னும் பிசுக்கென்று இருந்தது, அதோடு கூட்டம் நிற்க இடம் வேண்டும் என்று பொண்ணு மாப்பிள்ளை சோபாவைச் சுவரோடு நெருக்கிப் போட்டிருந்தார்கள். பெயிண்டால்தான் ஆயிற்று என்பவர்கள் உண்டு, ஃபிளாஷால்தான் என்பவர்கள் உண்டு, ஒரு பெண்டாட்டியைப் பத்துப் பேர் முன்னால் இளக்காரமாகப் பேசியதால்தான் என்பவர்களும் உண்டு. அதை நான் தீர்த்துச் சொல்லப் போவதில்லை.

முதலில் பொண்ணும் மாப்பிள்ளையும் நின்றார்கள். பளீரென்று அடித்தது. பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் சுவரில் இரண்டு பேரின் நிழலும் நின்றுகொண்டே இருந்தது. முத்தரசிக்குத் தலைப்பூவைச் சரிபண்ண வந்த அத்தைக்காரிதான் முதலில் பார்த்தாள்.

"ஏளா முத்து, ஒன் நிழலு உக்காரலையே."

"நிக்கட்டும் அத்தை. நாலு மணி நேரம் யாராவது ஒருத்தர் நிக்கணும்லா? எனக்குக் காலு வலிக்கு."

அவ்வளவுதான். வரிசையில் முக்கால் மணி நேரமாகப் பரிசுப் பொட்டலத்தோடு நின்றவர்கள், இதற்காகக் கீழே இறங்கிப் போவார்களா? ஒவ்வொரு கூட்டமாக ஏறினார்கள், பொண்ணுக்கு இந்தப் பக்கமும் மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கமும் நின்றார்கள், பளீரென்று அடித்தது, இறங்கினார்கள், நிழலை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நேரம் ஆக ஆகச் சுவரில் தலைக்கு மேல் தலை, தோளுக்கு மேல் கொண்டை, கொண்டைக்கு மேல் குழந்தையின் கை என்று ரோஸ் கலரே தெரியாதபடி கறுத்துப்போனது.

இந்த இடத்தில் முத்தரசியின் பெரியப்பாவைச் சொல்ல வேண்டும். ஆவுடையப்பன் என்று பேர். முத்தரசி தவழ்கிற வயதில் அவள் அப்பா போய்விட்டார், அதற்கப்புறம் அவளை வளர்த்தது இவர்தான். மினிபஸ் டிரைவர். தனக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் அவளை உட்கார வைத்துத்தான் பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் கொண்டு போனார், அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார்ந்தால் பஸ்ஸை எடுக்க மாட்டார். எந்நேரமும் தோளில் ஒரு ஈரிழைத் துண்டு. ரிசப்ஷனுக்கு மூன்று வாரம் முன்னால்தான் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பொண்ணு மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாக முதல் ஆளாக மேடைக்கு வந்தார்.

"பெரியவரே, கண்ணாடியைக் கழட்டுங்க, பொண்ணுக்குப் பக்கத்துல வில்லன் மாதிரி இருக்கு" என்றார் மாசிலாமணி.

பொண்ணுக்காகக் கழற்றினார். ஃபிளாஷ் அடித்தது. அவர் கை தானாக ஏறிக் கண்ணை மறைத்துக்கொண்டது.

"கையை இறக்குங்க பெரியவரே."

"நீ வெளிச்சத்தைக் குறைடே, நான் கையை இறக்குதேன்."

"இது குறையாது, ஆட்டோமேட்டிக்கு."

"அப்பம் என் கையும் ஆட்டோமேட்டிக்குதான்."

மேடையே சிரித்தது, முத்தரசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலு தடவை அடித்தார், நாலு தடவையும் கை ஏறியது. இனிமேல் சரிப்படாது என்று அடுத்த கூட்டத்தை ஏற்றிவிட்டார்கள். சுவரில் முத்தரசியின் நிழலுக்கு வலப்பக்கம், தோளில் துண்டும் தூக்கின கையுமாக ஆவுடையப்பனின் நிழல் நின்றுவிட்டது.

திங்கட்கிழமை காலையில் வெயில் ஏறின பிறகுதான் ஊருக்கு விஷயம் உறைத்தது. மார்க்கெட்டில் வாழைத்தார் சுமக்கிறவர்கள் தலையில் தாரோடு போனால் ரோட்டில் தாரின் நிழல் மட்டும் தனியாக, ஆளில்லாமல், ஆடி ஆடி நடந்து போனது. பஸ் ஸ்டாப்பில் உயரமான டிராயிங் வாத்தியாரின் நிழலில் நின்று பழகின பொம்பிளைகள் அவருக்கு நிழல் இல்லை என்றதும் அவரையே ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார்கள், அவருக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. காக்காய்கள் நிழலில்லாதவர்களைக் கம்பம் என்று நினைத்துத் தோளில் வந்து உட்கார்ந்தன. நிழல் போனால் என்ன, சோறா போய்விட்டது என்று முதலில் எல்லாரும் வீறாப்பாகத்தான் இருந்தார்கள், ஆனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. முதுகுக்கும் தரைக்கும் நடுவில் எப்போதும் விரித்திருந்த ஏதோ ஒன்று இல்லாத மாதிரி இருந்ததாம், புரண்டு புரண்டு படுத்தார்களாம்.

ஆகவே எல்லாரும் மத்தியானத்தில் வள்ளி மஹாலுக்கு வந்து அவரவர் நிழலுக்கு எதிரே பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார ஆரம்பித்தார்கள். அங்கே உட்கார்ந்தால் கண் சொக்கியது. சோறு உண்ண அடம்பிடிக்கிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "அந்தா பாரு ஒன் நிழலு வாயைத் தொறந்துட்டு" என்று ஊட்டினார்கள். இரண்டு நாளில் அது ஒரு பழக்கமே ஆகிவிட்டது, யாரோ சுக்குக் காப்பிகூடப் போட்டுக் கொண்டு வந்தார்கள். சண்டையும் வந்தது, வராமல் இருக்குமா?

"ஒன் கொண்டை என் தோளு மேல ஏறியிருக்கு மயினி, எடுத்துக்கோ."

"நெசக் கொண்டையா இருந்தா எடுக்கலாம். அது சவுரி, அதுவா வருமா?"

தென்காசியில் டியூட்டி என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு ரிசப்ஷனுக்கு வந்து சாப்பிட்டுப் போன ஒரு மனிதரின் தொப்பை சுவரில் மூன்றாவது வரிசையில் அசலாக நின்றது. அழைப்பே இல்லாமல் வந்த ஏழு பேர் அகப்பட்டார்கள். முத்தரசி அம்மாவோடு ஒன்பது வருஷமாகப் பேசாத ஒரு சித்தி, அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டவள், ஓரத்தில் முக்காடு போட்டபடி நிழலாக நின்றாள். கேட்டதற்கு, "வாசலையா மிதிச்சேன், மேடையைத்தானே மிதிச்சேன்" என்றாள். முத்தரசி அம்மா அவளுக்கு ஒரு சேர் எடுத்துப் போட்டாள். இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள்: மேடையில் மாப்பிள்ளை சண்முகவேலும் முத்தரசியும் ஒரு சாண் தள்ளித்தான் நின்றார்கள், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வெட்கம், ஆனால் சுவரில் இரண்டு நிழலும் கையைக் கோத்துக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

புதன்கிழமை காலையில் ஆவுடையப்பன் காப்பித் தம்ளரைக் கையில் வாங்கினவர், குடிக்காமல் அப்படியே சாய்ந்துவிட்டார்.

அன்றைக்கு உச்சி வெயிலில் அவரை எடுத்துப்போனார்கள். நிழலில்லாதவரை நிழலில்லாதவர்கள் தூக்கிக்கொண்டு, பின்னால் நிழலில்லாத கூட்டம் நடந்து போக, தார் ரோட்டில் பாடையின் நிழலைத் தவிர ஒரு பொட்டு நிழல் இல்லாமல் வெயில் கொட்டிக் கிடந்தது. கூட்டத்தில் ரிசப்ஷனுக்கு வராத இரண்டு பேரின் நிழல் மட்டும் கூடவே போனது, அந்த இரண்டு பேரும் ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

அடுத்த நாளிலிருந்து முத்தரசி மஹாலுக்கு வந்து சுவர் முன்னால் உட்கார்ந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் பெரியப்பா கையைத் தூக்கி அவளை ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரியே இருந்தது. சில பொம்பிளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், ஒருத்தி செவ்வந்திப் பூக்கூடக் கொண்டுவந்து வைத்தாள்.

"பாரு தாயி, போனாலும் ஒனக்கு ஆசி குடுத்துட்டே நிக்காரு" என்று அவள் சொன்னதும் முத்தரசி அழுதுவிட்டாள். சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை.

"ஆசி இல்ல அத்தை. அவருக்குக் கண்ணு கூசுது. போயிச் சேந்த பொறவும் என் ரிசப்ஷன் வெளிச்சத்துல கண்ணு கூசிக்கிட்டே நிக்காரு. அந்தக் கையை எப்படி இறக்கப்போறேன்?"

அதற்குப் பிறகு யாரும் பூ வைக்கவில்லை. ஒருத்தர் சேலை ஒன்றைக் கொண்டுவந்து அவர் நிழலுக்கு நேரே ஜன்னலில் திரையாகக் கட்டினார். அதனாலும் கை இறங்கவில்லை.

இதற்கு நடுவில் லட்சுமணப்பெருமாள் அண்ணாச்சி வந்து நின்றார். அடுத்த புதன்கிழமை அங்கே வேறு கல்யாணம், அந்த வீட்டுக்காரர்கள் கறுத்த சுவரைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணாச்சி கெட்டவர் இல்லை, அவர் நிழலும் சுவரில் முன்வரிசையில்தான் இருந்தது.

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் ரெண்டு மணிக்குப் பெயிண்டரு வாராரு. அதுக்குள்ள அவங்கவங்க நிழலை எடுத்துட்டுப் போயிருங்க. இல்லன்னா எல்லார் மேலயும் பெயிண்டு ஏறிரும், என் மேலயும் சேத்துத்தான்."

எப்படி எடுப்பது? சுரண்டிப் பார்த்தார்கள், பெயிண்ட் வந்தது, நிழல் வரவில்லை. தண்ணீர் ஊற்றினார்கள், நிழல்கள் குளித்த மாதிரிப் பளபளத்தன. மாசிலாமணி அதே ஃபிளாஷை மறுபடி மறுபடி நேராக அடித்துப் பார்த்தார், அடிக்க அடிக்க இன்னும் இறுகிக்கொண்டது. முத்தரசி அவரைக் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, "போட்டோக்கார அண்ணே, பெரியப்பாவை விட்டுருங்க, பாவம்" என்று மட்டும் சொன்னாள். அவர் கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அங்கே திரவியம் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நான் சொன்னது தப்புதான்."

"எங்க வச்சுச் சொன்னீங்க?"

"டீக்கடையில."

"அப்பம் இந்த வீட்டுல வந்து தப்புன்னு சொன்னா அங்க இருக்கவங்களுக்குக் கேக்குமா?"

மாசிலாமணி போனார். அதே டீக்கடையில், அதே பெஞ்சுக்கு முன்னால் நின்று, "வெளிச்சம் என் தலையில இல்லடே, என் வீட்டுல இருக்கு. எனக்குத் தெரியாமப் போச்சு" என்று சொன்னார். டீ மாஸ்டர் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இந்தப் பேச்சும் அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தது, அவர் வரும்போது கொக்கு கதவுக்குப் பின்னால் இருந்து எழுந்து வாசலில் நின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை திரவியம் மஹாலுக்கு வந்தாள். சுவரை ஒரு மணி நேரம் பார்த்தாள். மதுரை ஃபிளாஷைக் கேமராவின் தலையில் இருந்து கழற்றிக் கொக்கின் உச்சியில் மாட்டினாள், மேடையின் ஓரத்தில், சுவரை ஒட்டினாற்போல வைத்தாள், குடையை விரித்தாள். ரிசப்ஷன் அன்று கடைசி ஆளாக மேடை ஏறின மஹால் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "அன்னைக்கு எங்கன நின்னீங்களோ அங்கன நில்லுங்க, அதே மாதிரிச் சிரிங்க" என்றாள். அவர் நின்றார். ஃபிளாஷின் முதுகில் இருக்கிற சின்னப் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்தினாள். வெளிச்சம் ஓரமாக வந்தது, சுவரைத் தடவிக்கொண்டு போனது, வாட்ச்மேனின் நிழல் ஈரத் துணியை உரிக்கிற மாதிரிச் சுவரில் இருந்து உரிந்து, பக்கவாட்டில் சரிந்து, தரையில் இறங்கி, நாய்க்குட்டி மாதிரி அவர் காலில் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் அங்கேயே மேடையில் படுத்து ஐந்து நிமிஷம் தூங்கினார்.

"நேரா வந்த வெளிச்சம் அறைஞ்சுட்டுப் போயிருக்கு. ஓரமா வந்தாத்தான் கூட்டிக்கிட்டுப் போவும்" என்றாள் திரவியம். "ஆனா ஒண்ணு, மேல கெடக்கதைத்தான் முதல்ல எடுக்கணும். கடைசியா வந்தவங்க முதல்ல, முதல்ல வந்தவங்க கடைசியில. எல்லாரும் அன்னைக்குக் கட்டுன சேலையிலயே வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் ஊரில் அந்த ரிசப்ஷன் இரண்டாவது தடவை நடந்தது, தலைகீழாக நடந்தது. மாசிலாமணி போட்டோக்களை வைத்துக்கொண்டு யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார்கள் என்று வாசித்தார். துவைக்கப் போட்ட பட்டுச் சேலைகள் கசங்கலோடு வந்தன. பந்திக்கு முந்தவேண்டும் என்று அன்றைக்கு அவசரமாகப் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் எல்லாம் கடைசியில் நிற்க வேண்டியதாயிற்று, மெதுவாக வந்தவர்கள் அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். டியூட்டி மனிதர் பெண்டாட்டியோடு வந்தார், அவள் அன்று வராதவள், இருந்தாலும் பக்கத்திலேயே நின்று எப்போது திருகலாம் என்று அவர் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாத சித்தியும் முத்தரசி அம்மாவும் ஒன்றாக ஏறினார்கள். பரிசுப் பொட்டலம் பிடித்திருந்தவர்கள் வெறும் கையோடு வந்ததால் கை நிழல் மட்டும் வர மறுத்தது, ஒரு சோப்பு டப்பாவையே கை மாற்றி கை மாற்றி நூறு பேர் பிடித்தார்கள். திரவியம் அழுத்த அழுத்த, நிழல்கள் சரிந்து சரிந்து இறங்க, ரோஸ் சுவர் ஓரத்தில் இருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. நிழல் கிடைத்தவர்கள் வெளியே வெயிலில் போய்ச் சுற்றிச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டார்கள், டிராயிங் வாத்தியார் நேரே பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றார்.

ஒன்றரை மணிக்குச் சுவரில் மூன்று பேர்தான் பாக்கி. மாப்பிள்ளை, பொண்ணு, ஆவுடையப்பன். பெயிண்டர் ஏணியோடும் இரண்டு டப்பாவோடும் வந்து கதவோரம் நின்றுவிட்டார். அவருக்கும் கதை தெரியும், அவசரப்படுத்தவில்லை, ஆனால் நின்றார்.

"தாயி, நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க" என்றாள் திரவியம்.

"பெரியப்பா முதல்ல வரட்டும் அக்கா."

"அவரு நிக்கதுக்கு ஆளு வேணும்லா. ஆளு இல்லாத நிழலு எங்க போய் ஒட்டும்?"

"அப்பம் நானும் சுவத்துலயே இருந்துக்கிடுதேன். எம்மேலயும் பெயிண்டு அடிக்கட்டும்."

சொன்னதோடு நிற்காமல் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். சண்முகவேல் என்ன பண்ணுவதென்று தெரியாமல் அவளையும் ஏணியையும் மாறி மாறிப் பார்த்தான், பிறகு அவனும் போய்ப் பக்கத்தில் சாய்ந்துகொண்டான். அத்தனை பேரும் அவரவர் நிழலைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

திரவியம் ஓரத்தில் இருந்து ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். ஆவுடையப்பனின் நிழல் அசையவில்லை, கை மட்டும் இன்னும் ஒரு விரற்கடை மேலே ஏறிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. அதைப் பார்த்ததும் முத்தரசி, "வேண்டாம் அக்கா, வேண்டாம்" என்று கத்தினாள். திரவியம் பொத்தானில் இருந்து கையை எடுத்துவிட்டாள். புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு அவரு ஒங்ககிட்ட என்ன சொன்னாரு? ஒரு எழுத்து விடாமச் சொல்லுங்க."

மாசிலாமணி சொன்னார்: "நீ வெளிச்சத்தைக் குறைடே, நான் கையை இறக்குதேன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"குறையாதுன்னு சொன்னேன்."

"குறையுமா, குறையாதா?"

"குறையும்... நான்தான் குறைக்கலை."

திரவியம் ஃபிளாஷின் முதுகில் இருந்த திருகைப் பிடித்தாள். அதில் இருந்த நம்பரெல்லாம் இங்கிலீஷ் கணக்கு, அவளுக்கு அது வேண்டாம், அரை, கால், அரைக்கால், வீசம் என்று தானியம் அளக்கிற கணக்கே போதும். முழுசில் இருந்து அரைக்குத் திருகினாள், அழுத்தினாள். குடை வழியாக வெளிச்சம் பால் மாதிரி வந்தது. சுவரில் கை கொஞ்சம் தளர்ந்தது. காலுக்குத் திருகினாள். விரல்கள் பிரிந்தன. அரைக்காலுக்குத் திருகினாள், முழங்கை மடங்கியது, கை கண்ணை விட்டு விலகியது. ஆவுடையப்பனின் நிழல் தலையை லேசாகத் திருப்பி, இருட்டில் பஸ்ஸை நிறுத்தி யார் ஏறுகிறார்கள் என்று பார்க்கிற மாதிரி, முத்தரசியின் நிழல் பக்கம் பார்த்தது. வீசத்துக்கு, பதினாறில் ஒரு பங்குக்குத் திருகினாள், ஒரு மின்மினி அளவுதான் வெளிச்சம், பகலில் அதைக் கண்டதாகச் சொன்னவர்கள்கூடக் குறைவு. அந்தக் கை இறங்கி, இறங்கி, முத்தரசியின் நிழல் தலையில் வந்து உட்கார்ந்தது.

"இப்பம் நகருங்க, மெதுவா" என்றாள் திரவியம்.

முத்தரசியும் சண்முகவேலும் சுவரை விட்டு ஓர் அடி எடுத்து வைத்தார்கள். மூன்று நிழலும் சேர்ந்து சரிந்து தரையில் இறங்கின. சண்முகவேலின் நிழல் அவன் காலிலும், முத்தரசியின் நிழல் அவள் காலிலும் ஒட்டிக்கொண்டன, கோத்த கையை விடவில்லை, அதனால் மேலே நின்ற இரண்டு பேருக்கும் கையைக் கோத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆவுடையப்பனுக்குத் தனியாகக் கால் வேண்டியிருக்கவில்லை. அவர் முத்தரசியின் நிழலோடேயே இருந்துவிட்டார். அவள் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கியபோது நாங்கள் எல்லாரும் பார்த்தோம், ரோட்டில் அவள் நிழலின் தோளுக்குப் பின்னால் ஒரு துண்டு ஆடிக்கொண்டு போனது, தலைக்கு மேல் ஒரு கை இருந்தது. பஸ்ஸில் அவருக்குப் பின்னால் இருந்தவள் இப்போது முன்னால் போகிறாள், அவர் பின்னால் வருகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். மாமியார்க்காரி ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, "சம்பந்தி வீட்டுல இருந்து ஒரு பெரிய ஆளும் கூட வாராருன்னு முன்னமே சொல்லியிருந்தா ஒரு படி அரிசி கூடப் போட்டிருப்பேம்லா" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த நிழலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

மாசிலாமணிக்குக் கை துறுதுறுத்தது. இப்படி ஒரு காட்சி எந்தப் போட்டோக்காரனுக்குக் கிடைக்கும்? கொக்கில் இருந்த ஃபிளாஷை எடுத்துக் கேமராவின் தலையில் மாட்டிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினார். "முத்து, ஒண்ணே ஒண்ணு, அப்படியே திரும்பு தாயி!" என்று கூப்பிட்டார். அவள் திரும்பினாள், நிழலின் கை ஒரு கணம் தயங்கி மேலே ஏறப் பார்த்தது, அவர் அழுத்தினார். ஃபிளாஷ் அடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அடிக்கவில்லை. திருப்பிப் பார்த்தால் அதன் அடிமூடி திறந்து கிடந்தது, உள்ளே காலி. திரும்பி மஹாலைப் பார்த்தார். திரவியம் வெள்ளைக் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நாலு பேட்டரியையும் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.